வாசனையில்லாத புகை

ஆயுத பூஜைக்கு வரச் சொல்லிப் பழைய டிப்போவிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு மாலை, பொரி, சுண்டல் மூன்றும் தவறாமல் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். போகாமல் இருப்பேனா? அங்கே புதிதாக ஒரு இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். ஜீப்பின் புகைக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகினால் சிறிது நேரத்தில் துண்டுச் சீட்டு ஒன்று வெளியே வருகிறது. புகையில் எந்த வாயு எவ்வளவு என்று அதில் அச்சாகியிருக்கிறது. பையன்கள் அதைச் சுற்றி நின்று பெருமையாகக் காட்டினார்கள்.

"இதோ பாருங்க ஐயா, கார்பன் மோனாக்சைடு. இதையெல்லாம் நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க" என்றான் ஒரு மெக்கானிக்.

எனக்கு வந்ததே கோபம். "கேள்விப்படுறதா? யுத்தம் முடியிற வரைக்கும் அதுகூட குடும்பமே நடத்தியிருக்கேன்டா!" என்றேன். சிரித்தார்கள். "உங்க காலத்துல காத்து சுத்தமா இருந்திருக்கும், இல்லீங்களா?" என்று இன்னொருவன் ஆரம்பித்தான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். சுண்டலைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுத்தமாம், சுத்தம்! இரண்டாம் உலக யுத்த காலத்துத் திருத்தணியை இவர்கள் மோந்து பார்த்ததில்லை. அப்போது எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ரயிலடியில் எஞ்சின் ஒன்று வந்து நின்றால் அதன் புகை கடைத்தெரு முழுக்கப் படுத்துக்கொள்ளும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது எரிந்து வரும் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிறாண்டும். ஊருக்கு ஒரு பக்கம் செங்கல் சூளை, இன்னொரு பக்கம் சுண்ணாம்புக் காளவாய். வீட்டுக்கு வீடு ஈர விறகு. வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் அதில் கரும்புள்ளி விழுந்திருக்கும். அம்மையார்குப்பத்திலிருந்து நூல் வாங்க வருகிற நெசவுக்காரர்கள் மூட்டையைப் போர்த்தியே வைத்திருப்பார்கள், கரித்தூள் பட்ட நூலில் சாயம் ஏறாது என்று. கிருத்திகைக்குச் சனம் கூடிவிட்டாலோ மலையடிவாரத்தில் எண்ணி மாளாத அடுப்புகள். அந்த நாட்களில் எங்கள் சின்ன ஊர் பட்டணமாகிவிடும், பட்டணத்துக் காற்றும் கூடவே வந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் எங்கள் பங்குக்கு நாங்கள் கொண்டுவந்து விட்டது கரி பஸ்.

கரி பஸ் என்றால் இன்றைக்கு யாருக்கும் புரியாது. பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. மிச்சம் கிடைத்தது சொட்டுச் சொட்டாகத்தான். பஸ் ஓட வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு பஸ்ஸின் முதுகிலும் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டினார்கள். நாங்கள் அதை பாய்லர் என்போம், தண்ணீர் கொதிப்பது ஒன்றும் அதில் இல்லை என்றாலும். உள்ளே மரக்கரி எரியும். கரி நன்றாகக் காற்றாட எரிந்தால் வருவது நாம் மூச்சில் விடுகிற அதே வாயு, அதனால் வண்டி ஓடாது. காற்றைக் குறைத்து, செக்கச் செவேலென்று கனிந்த கரிக்குள் அந்த வாயுவை மறுபடி இழுத்தால் அது வேறொன்றாக மாறும். அதுதான் கார்பன் மோனாக்சைடு. தீ வைத்தால் எரியும், எஞ்சினை ஓட்டும். அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது.

நான் அந்த பஸ் கம்பெனியில் பிட்டராகச் சேர்ந்தது தற்செயல். அரக்கோணத்தில் ரயில்வே வேலை கேட்டுப் போனேன், கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ் ஒன்று நின்றுபோய், ஏறியிருந்த எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளியதோடு நிற்காமல் நான் விசிறியையும் சுற்றினேன். கரி பஸ்ஸைக் கிளப்ப முதலில் ஒரு கைவிசிறியைச் சுற்றித் தீயை ஊத வேண்டும். அப்பப்பா, தோள்பட்டை கழன்றுவிடும்! அந்தத் தோளைப் பார்த்துத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சாம்பல் வாரி, வடிகட்டித் துணி தட்டி, இணைப்புகளில் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு சுற்றக் கற்றுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் போர்மேன் ராமுலு நாயுடு. குள்ளமான மனிதர், முறுக்கு மீசை, அந்த மீசைக்கு அவர் செலவிட்ட எண்ணெயில் ஒரு விளக்கு எரிந்திருக்கும். கூச்சல் போடவே மாட்டார். முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லாரும் அவருக்கு 'நைனா'தான். கோபம் வந்தால் அந்த நைனாவை இன்னும் மெதுவாகச் சொல்வார். மகா பிடிவாதக்காரர். சட்டைக் காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும், அதில் ஒரு முழம் வெள்ளை நூல்.

காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் அவர் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்காருவார். பக்கவாட்டுப் படுதாக்களை எல்லாம் இறக்கிவிடச் சொல்வார். எஞ்சினை ஓடவிட்டு, பிறகு நிறுத்தச் சொல்வார். ஓடும்போது ஆபத்து குறைவு. எஞ்சின் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும், இணைப்பில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். நிறுத்தின பிறகுதான் சங்கடம். எஞ்சின் நின்றாலும் கரித் தீ நிற்காது. வாயு வந்துகொண்டேயிருக்கும், போக இடம் தேடும். அதற்காக பாய்லரிலிருந்து கூரைக்கு மேலே ஒரு புகைப்போக்கி வைத்திருந்தோம். வண்டி நின்றதும் கண்டக்டர் பின்னால் போய்ச் சங்கிலியை இழுத்து அதன் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் வாயு ஆகாசத்துக்குப் போய்விடும். இது கம்பெனியின் முதல் சட்டம்.

மூடிய பஸ்ஸுக்குள் நாயுடு ஊசியை எடுப்பார். நூலைக் கோப்பார், உருவுவார், மறுபடி கோப்பார். அப்படியே சும்மா உட்கார்ந்து ஊரைப் பற்றிப் பேசுவார். பிறகு மறுபடி கோப்பார். நூல் ஊசிக் காதில் நுழையாமல் இரண்டு தடவை தப்பினால் வண்டி புறப்படாது. சோப்புத் தண்ணீரை இணைப்பெல்லாம் தடவி, எங்கே குமிழ் விடுகிறது என்று பார்த்து, கல்நார்க் கயிற்றைப் புதிதாகச் சுற்றிக் களிமண் அப்ப வேண்டும்.

"இன்னா நாயுடு, என் வண்டியில உக்காந்து ரவிக்கை தைக்கிறியா?" என்று முதலாளி கிண்டல் பண்ணுவார்.

"கந்தகப் புகை நல்ல புகை நைனா. வர்றதுக்கு முன்னாடியே தும்மல் போட வச்சு சொல்லிட்டு வருது. இது சொல்லாம வர்ற விருந்தாளி. மூக்குக்குத் தெரியாது, விரலுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்பார் நாயுடு. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்.

இனி அந்த ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன்.

அன்று காலையிலிருந்தே தூறல். அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு காவடிக் கூட்டம் எங்கள் பஸ்ஸில் வந்தது. டிரைவர் ஏழுமலை. ஒல்லியான ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவன், அவனும் கிருத்திகை விரதம். காலையில் சோறு தின்னாமல் நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு வண்டி எடுத்திருந்தான். காவடியைக் காலடியில் வைக்கக் கூடாது என்று அந்தக் கூட்டத்துக் குருசாமி எல்லாக் காவடிகளையும் கூரைமேல் ஏற்றினார். மயில் பீலி நனைந்துவிடுமே என்று அவற்றைத் தார்ப்பாயால் மூடி, பின்பக்கம் வரை இழுத்து, தொங்க விட்டு, கயிறு போட்டு இறுகக் கட்டினார். பக்தியோடு செய்த வேலை. புகைப்போக்கியின் வாயும் அந்தத் தார்ப்பாய்க்குள்தான் போயிற்று. குழாய் எதற்கென்று அவருக்கு யார் சொன்னார்கள்? தார்ப்பாயை எங்கே கட்டினார் என்று கீழே இருந்த கண்டக்டருக்கும் தெரியவில்லை. ஓடுகிறவரை ஒன்றும் ஆகவில்லை.

ஊர் எல்லையில் ரயில் கேட். திருவிழா நாளில் வண்டிகள் அங்கே தேங்கும் என்று நாயுடுவும் நானும் கைவிசிறியோடு அங்கே நின்றிருந்தோம். பட்டாளத்து ஸ்பெஷல் ரயில் ஒன்று வரவேண்டுமென்று கேட்டை மூடிவிட்டார்கள். ஒரு கூட்ஸ் எஞ்சின் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்று மஞ்சளும் கறுப்புமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்றது. ஏழுமலை எஞ்சினை நிறுத்தினான். கண்டக்டர் இறங்கி ஓடிச் சட்டப்படி சங்கிலியை இழுத்து மூடியைத் திறந்தான். ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

ரயில் புகை பஸ்ஸுக்குள் அடித்தது. உள்ளே ஒரே இருமல். "ஐயய்ய, இன்னா பொகைடா இது! படுதாவ இறக்குங்கப்பா!" என்று சத்தம். மளமளவென்று படுதா எல்லாவற்றையும் இறக்கிக் கொக்கி மாட்டிக்கொண்டார்கள். ஏழுமலையும் தன் பக்கத்துப் படுதாவை இழுத்துவிட்டான். கண்ணைக் கரிக்கிற புகையை வெளியே நிறுத்திவிட்ட திருப்தி அவர்களுக்கு. கரிக்காத புகையோ தார்ப்பாயில் முட்டி, தொங்கல் வழியாக இறங்கி, பின் ஜன்னலால் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

உள்ளே பம்பை அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அரோகரா சத்தம் காதைப் பிளந்தது. நான் எதிர் வண்டிக்கு விசிறி சுற்றிக்கொண்டிருந்தேன். நாயுடு திடீரென்று என் தோளைத் தொட்டார்.

"நைனா, பம்பை தாளம் தப்புது பாரு."

ஆமாம், தப்பியது. அடி விழுந்தது, நின்றது, மறுபடி ஒற்றையாக விழுந்தது. அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. அன்று ஓடினார். பின் படுதாவைத் தூக்கினோம். கடைசி சீட்டுக்காரர்கள் தலை தொங்கிக் கிடந்தார்கள். இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்ன வயதுப் பெண் சீட்டிலிருந்து சரிந்து கீழே கிடந்தாள், மடியில் பாதி கட்டிய பூமாலை. கண் செருகியிருந்தது, உதடு மட்டும் செக்கச் செவேல் என்றிருந்தது. அவள் காலடியில் ஒரு வயதான அம்மாள் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி வந்துட்சி! எம் மருமவ மேல முருகன் வந்துட்டான்! மூஞ்சிய பாருங்க, இன்னா களை! தாயே, நான் பேசுனது அத்தினியும் மன்னிச்சுக்க தாயே!"

அந்த அம்மாள் பெயர் கன்னியம்மா என்றும், மருமகள் வள்ளியம்மா என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லை. மலடி, ராசியில்லாதவள், வாயைத் திறந்தால் மாமியாருக்கு அதுதான் பேச்சாம். அந்தக் குறை தீரத்தான் அன்றைய காவடி. இப்போது அதே மாமியார் அவள் காலில் கிடந்தாள். ஒருவர் கற்பூரத்தை ஏற்றப் போனார்.

"கற்பூரம் வேணாம்! தீ வேணாம் நைனா, எல்லாரும் கீழ இறங்குங்க!" நாயுடு கத்தினார். கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாயு எரியக்கூடியது. பஸ் முழுக்க மனிதர்கள்.

பிறகு அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். தார்ப்பாயைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. என்னை ஏறச் சொன்னார். நான் ஏணியில் கால் வைத்ததும் குருசாமி என் வேட்டியைப் பிடித்தார். அவரும் தள்ளாடிக்கொண்டுதான் நின்றார்.

"குளிக்காத கையால காவடிய தொடாதடா!"

"உங்க காவடிய எவன்யா தொட்டான்? கயித்ததான் அறுக்கப் போறேன்" என்று சொல்லிக் கத்தியால் கயிறுகளை அறுத்துத் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். உள்ளே அடைந்திருந்த சூட்டுக் காற்று முகத்தில் அடித்தது. வாசனை ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்ச நேரம் எனக்கு மண்டைக்குள் உலக்கை இடித்தது.

இதற்குள் ஏழுமலை தன் சீட்டிலிருந்து இறங்கினான். நாலு எட்டு வைத்தான், முழங்கால் மடங்கிற்று. ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கேட்டில் காவலுக்கு நின்ற ஏட்டு வந்து குனிந்து மோந்தார். காலையில் குடித்த நீராகாரம் புளித்து வாடை அடித்தது.

"கள்ளு! கிருத்திகையும் அதுவுமா காவடி வண்டிய குடிச்சிட்டு ஓட்டிகினு வந்திருக்கான் பாரு!" என்றார் ஏட்டு. கூட்டம் திரும்பியது. ஏழுமலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நாக்கு குழறியது. அது போதாதா? குடிகாரன்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

நாயுடு பெண்ணை வெட்டவெளியில் படுக்க வைத்துக் கைகளைத் தூக்கி இறக்கி மூச்சு வரவழைத்தார். மற்றவர்களெல்லாம் காற்றுப் பட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கேட் திறந்ததும் அவளையும் ஏழுமலையையும் ஒரு மாட்டு வண்டியில் போட்டு மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். திருவிழாவுக்குக் காலரா ஊசி போட அங்கே சர்க்கார் பந்தல் இருந்தது. மதராஸிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா அதில் இருந்தார். கன்னியம்மா வழி முழுக்க மருமகளுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். "தாயே, தாயே" என்றுதான் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா வள்ளியம்மாவின் உதட்டையும் நகத்தையும் பார்த்தார். பிறகு நாயுடுவைப் பார்த்து, "கரி பஸ்ஸா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நாயுடு தலையாட்டினார். போர்வை போர்த்தி, படுதா எதுவும் இல்லாத பக்கத்தில் கட்டிலைப் போட்டார்கள். மறுபடி கைகளைத் தூக்கி இறக்கி, உள்ளங்காலைத் தேய்த்து, எவ்வளவு பாடு! மத்தியானத்துக்கு மேல்தான் அவள் கண் திறந்தாள். திறந்ததும் தன் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியாரைப் பார்த்து பயந்து காலை இழுத்துக்கொண்டாள். எனக்கு என்னவோ செய்தது.

அப்போதுதான் முதலாளி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஏட்டு, குருசாமி, காவடிக் கூட்டம், வேடிக்கைக்குப் பாதி ஊர். விஷயம் இதுதான். பஸ்ஸுக்குள் விஷ வாயு இருந்தது என்றால், அந்தப் பெண்ணுக்கும் டிரைவருக்கும் வந்தது ஒரே நோய். இல்லையென்றால் அவளுக்கு வந்தது சாமி, அவனுக்கு ஏறியது கள். அவன் மேல் கேஸ், பேட்ஜ் பறிபோகும், அந்த ஜில்லாவில் யாரும் அவனை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். வீட்டில் நாலு வாய் அவனை நம்பி இருந்தது. முதலாளிக்கோ வாயு என்ற வார்த்தையே வெளியே வரக் கூடாது. வந்தால் எவன் பஸ் ஏறுவான்?

"நைனா, ஏழுமலை குடிக்கல" என்றார் நாயுடு, மிக மெதுவாக.

"நீ சும்மா இரு நாயுடு. நம்ம கம்பெனியில குடிகாரனுக்கு எடமில்ல. இப்பவே சீட்டு கிழிச்சாச்சு" என்றார் முதலாளி, கூட்டத்துக்குக் கேட்கும்படி.

"மாட்டேன். அவன அனுப்பினா நாளைக்கு என் ஊசியும் உங்க ஷெட்டுக்கு வராது" என்றார் நாயுடு. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினார். வெளியில் நின்ற ஆள் ஒருவன் வேண்டும் என்றார், நான் விரலை நீட்டினேன். என் ரத்தம் ஒரு சொட்டு, வள்ளியம்மாவினுடையது ஒரு சொட்டு, ஏழுமலையினுடையது ஒரு சொட்டு. கலக்கியதும் என்னுடைய தண்ணீர் மஞ்சளாய் நின்றது. மற்ற இரண்டும் ரோஜா நிறம், வள்ளியம்மாவினுடையது நல்ல அடர்த்தி. பிறகு மூன்றிலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டார். என்னுடையது பழுப்புப் பச்சையாக மாறியது. மற்ற இரண்டிலும் சிவப்பு மாறவில்லை.

"மூச்சுக்காத்து உக்கார வேண்டிய நாற்காலியில இந்த வாயு போய் உக்காந்துக்கும், சீக்கிரம் எழுந்திருக்காது. ரெண்டு பேர் ரத்தத்திலும் அதுதான் இருக்கு. கள் குடிச்சா இப்படி ஆகாது. நான் எழுதிக் கொடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

ஏட்டு தலையைச் சொறிந்தார். குருசாமி முன்னால் வந்தார். "மஞ்ச தண்ணி, செவப்பு தண்ணி காட்டி எங்க சாமிய பொய்யாக்கப் பாக்கறீங்களா? அம்மாந் தெம்பா முருகன் வந்து நின்னான், எல்லாரும் பாத்தோம். குடிகாரன காப்பாத்த பொண்ணு மேல வந்த சாமிய விஷம்ன்றீங்களே, நாக்கு அழுவிப் பூடாது?" கூட்டம் ஆமாம் போட்டது. "அவன இங்க உடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு குரல். நாலைந்து பேர் கை மடித்துவிட்டுக்கொண்டு ஏழுமலை பக்கம் நகர்ந்தார்கள். அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஏட்டு விலகி நின்றார்.

"மாமா, நில்லுங்க."

கட்டிலிலிருந்து வந்தது குரல். வள்ளியம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். குருசாமியைத்தான் கூப்பிட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேசி அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, நகர்ந்தவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மேல சாமி வரல."

"தாயே, ஒனக்கு தெரியாது. வந்தப்போ ஒனக்கு நெனவு இல்ல" என்றாள் கன்னியம்மா அவசரமாக.

"நெனவு போறதுக்கு முன்னாடி எல்லாம் தெரியும் அத்தே. தலைய வலிச்சுது. நெஞ்சு படபடன்னுச்சு. காலு எங்கீதுன்னே தெரியல. சொல்லலாம்னு வாய தெறந்தா நாக்கு வரல. பக்கத்துல வந்தவங்க சாமி சாமின்னாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பூவ எடுங்க."

மடியிலிருந்து விழுந்த மாலையை யாரோ துண்டில் முடிந்து எடுத்து வந்திருந்தார்கள். அதை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை விரித்துப் பிடித்தாள். காவடிக்குப் போட பஸ்ஸில் வழி நெடுக அவள் கட்டிக்கொண்டு வந்த மல்லி மாலை.

"இது பஸ் ஓடுனப்போ கட்டுனது" என்று ஒரு முனையைக் காட்டினாள். நெருக்கமாக, ஒரு பூவும் அசையாமல் இருந்தது. "கேட்டுல நின்னப்புறம் கட்டுனது இது." நடுவில் பூக்கள் தள்ளித் தள்ளி நின்றன, முடிச்சு நெகிழ்ந்திருந்தது. "இது அதுக்கும் பின்னால." கடைசியில் முடிச்சே இல்லை. நாரில் பூவை வெறுமனே சுற்றியிருந்தது. அவள் தூக்கிப் பிடித்ததும் அந்தப் பூக்கள் போர்வைமேல் கொட்டின.

"பொறந்ததுலேர்ந்து அறுந்த நூலு முடிஞ்சுகினு கீறேன். கண்ண மூடிகினு முடிவேன், அத்தைக்கு தெரியும். எம் வெரலு எனக்கு அடங்காம பூட்டுது. சாமி வந்தா வெரலு ஏன் செத்துப் போவணும்? அந்த அண்ணன் குடிக்கல. எனக்கு இன்னா ஆச்சோ அதேதான் அவருக்கும் ஆச்சு. அவர உட்டுடுங்க."

நாயுடு தன் காலர் ஊசியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கோ அந்தப் பெண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. கண் திறந்ததிலிருந்து மாமியார் வாயால் தாயே என்று கேட்டாளே, அதை இப்போது தன் கையாலேயே தூக்கி எறிந்துவிட்டாளே! இன்று சாயங்காலமே அந்த மலடிப் பேச்சு திரும்பி வருமே! அது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் குனிந்துகொண்டு, அடி வாங்கப் போகிறவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

கன்னியம்மா கட்டிலருகே வந்தாள். மாலையை வாங்கினாள். நெசவுக்காரியின் விரல்கள், ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே போயின. இறுக்கமான முடிச்சு, நெகிழ்ந்த முடிச்சு, முடிச்சில்லாத நார். முனை வரை தடவினாள். பிறகு குருசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணு சொல்றது நெசம்தான். இது எம் மருமவ கட்டுன கட்டே இல்ல" என்றாள்.

"அப்போ சாமி வரலையா?" என்றார் குருசாமி. குழந்தை மாதிரி கேட்டார், பாவம்.

கன்னியம்மா மருமகளின் தலையில் கை வைத்தாள்.

"பஸ்ஸுல வந்துச்சோ வரலையோ, எனக்குத் தெரியாது. ஆனா வாயே தெறக்காத பொண்ணு, இத்தினி பேரு எதிர்ல, தனக்குக் கெடுதின்னு தெரிஞ்சும் ஊரான் பெத்த புள்ளைக்காக வாய தெறந்தாளே. இப்போ வந்துகீது."

ஏழுமலையைச் சூழ்ந்து நின்றவர்கள் மடித்த கைகளை இறக்கினார்கள். ஏட்டு டாக்டரம்மாவிடம் சீட்டை வாங்கிக்கொண்டார், முதலாளி ஏழுமலையை மறுநாள் வண்டிக்கு வரச் சொன்னார். அந்தப் பாதி அவிழ்ந்த மாலையை அப்படியே காவடியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கன்னியம்மா மலைப் படியேறினாள். வழியெல்லாம் பூ உதிர்ந்துகொண்டே போயிற்று, யாரும் அதை மிதிக்கவில்லை.